பழனிக்கு நேர்ந்த முடி

அவருக்கு டெல்லியில் ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். ஆர்.கே. புரத்தில் எங்களைப் போன்ற குமாஸ்தாக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சின்ன சபா நடத்திவந்தோம். வருஷத்துக்கு ஒருவரை அழைத்துப் பொன்னாடை போர்த்துவோம். அந்த வருஷம் கமிட்டிப் பெரியவர்களுக்கு ஒரு சினிமாப் பாடகர் மேல் கண். நான் எங்கள் ஊர் நாயனக்காரரைச் சொன்னதும் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ரேடியோவில வாசிச்சிருக்காராம்மா?" என்று கேட்டார். "இல்லே சார், சேரியில வாசிச்சிருக்கார்" என்றேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

நான் வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன். காவிரிக்கரையில் எங்களுடையது ஒரு சின்ன டவுன். கோயில் மேளம் பரம்பரையாக அவர் குடும்பத்துக்கு. நான் பாவாடை கட்டிய வயதில் அவர் ஒருநாள் சேரிக் கல்யாணம் ஒன்றுக்குப் போய் வாசித்துவிட்டு வந்தார். கூப்பிட்டார்கள், போனேன் என்றார். கோயில் நிர்வாகம் அவரை நிறுத்திவைத்தது. அவரா அசருகிறவர்? சாமி வீதி வரும்போது தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு வாசித்தார். சாமியோடு வந்த கூட்டமெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. பல்லக்குத் தூக்கியவர்களே நின்றுவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் நிர்வாகம் வழிக்கு வந்தது. அதன்பிறகும் சேரிக் கல்யாணம் ஒன்றையும் அவர் விட்டதில்லை. தட்டில் தேங்காய் பழம் வைத்துக் கொடுத்தால் போதும்.

அப்படி அவர் வாசித்துத் தாலி ஏறிய பெண்ணொருத்தி, பிரசவ வலியோடு மாட்டுவண்டியில் கும்பகோணம் கொண்டுபோகிற வழியில் செத்துப்போனாள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு மாத்திரை தருவார்கள். பிரசவம் பார்க்க ஆளும் கிடையாது, அறையும் கிடையாது. அன்றைக்கு அவர் பழனியாண்டவருக்கு நேர்ந்துகொண்டார். ஊருக்குப் பிரசவ வார்டு வந்து அதில் ஒரு குழந்தை பிறக்கும்வரை தலையிலும் முகத்திலும் கத்தி படாது, பிறந்த பிறகு பழனியில் போய் முடியிறக்குவேன் என்று. எந்த மந்திரி ஊருக்கு வந்தாலும் வரவேற்பு மேளம் அவருடையதுதான். வாசித்து முடித்த கையோடு மடியிலிருந்து மனுவை எடுத்து நீட்டுவார். "யாருய்யா இந்தச் சாமியார்?" என்று ஒரு மந்திரி கேட்டாராம். "நாயனக்காரனுங்க. வார்டு குடுத்தீங்கன்னா சாமியார் வேஷத்தைக் கலைச்சிடுவேன்" என்றாராம் இவர். கட்டடம் எழும்பி, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. தை மாசம் திறப்பு விழா என்று பேச்சு. அந்தத் தலையை ஊரே எண்ணெய் தடவிக் காக்காத குறைதான்.

இத்தனையையும் கமிட்டியில் சொல்லித் தீர்த்தேன். தொண்டை கட்டிப்போயிற்று, ஆனால் ஜெயித்தேன்.

எண்பத்து நாலில், தீபாவளி முடிந்த கையோடு வந்து இறங்கினார். விழா சனிக்கிழமை. தவில்காரர்கள் பின்னால் கிளம்புவதாக ஏற்பாடு. இவர் சொந்த வேலையாக டெல்லிக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர் துணையோடு முன்கூட்டியே வந்தார்; அந்த ஆள் தன் வழியில் போய்விட, இவர் எங்கள் குவார்ட்டர்ஸிலேயே தங்கினார். என் கல்யாணத்துக்கு வாசித்தவர் என் வீட்டில் தங்காமல் வேறெங்கே தங்குவது? மகள் திருச்சியில் ஹாஸ்டலில் இருந்ததால் அவள் அறை காலி. நெஞ்சுவரை வெள்ளைத்தாடி, உச்சியில் சுருட்டிக் கட்டிய முடி, நெற்றி நிறைய விபூதி, காதில் சிவப்புக் கடுக்கன். எதிர்வீட்டு சர்தார்ஜி படியேறி வந்தவர் அவரைப் பார்த்ததும் தன்னிச்சையாகக் கைகூப்பினார். பிறகு என்னிடம் தனியாக, "உங்க ஊர்லயும் எங்க ஆளுங்க இருக்காங்களா பெஹன்ஜி?" என்று ஹிந்தியில் கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

புதன்கிழமை பகல் ஆபீசில் ஃபைலைக் கட்டி வைத்துவிட்டு எல்லோரும் வராந்தாவில் நின்றார்கள். பிரதமரைச் சுட்டுவிட்டார்கள் என்றார்கள். சுட்டவர்கள் சர்தார்கள் என்றார்கள். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே ஒரு கும்பல் டாக்ஸி ஒன்றை நிறுத்தி டிரைவரைக் கீழே இழுத்தது. பஸ் டிரைவர் நிற்கவில்லை. நிற்கச் சொல்லி எங்களில் ஒருவரும் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து நாயனக்காரரிடம் சொன்னபோது, "பெரிய சாவு. ஊரு கொந்தளிக்கத்தான் செய்யும். நாம வீட்டோட இருப்போம் பாப்பா" என்றார். எனக்கு மகளே கல்லூரிக்குப் போய்விட்டாள், இவருக்கு மட்டும் நான் பாப்பா. விழா இனி இல்லை என்று சபாச் செயலாளர் ஆள் அனுப்பினார். தவில்காரர்களுக்கு வர வேண்டாமென்று தந்தி போயிற்று. இவருக்குத் திரும்பிப் போக ரயில் ஓடுமா என்பதே தெரியவில்லை.

மறுநாள் காலையில் நான் செய்த காரியம் இருக்கிறதே, தஞ்சாவூர்க்காரி ஒருத்தியைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். பால் பூத்துக்கு நான் புறப்பட்டதும், உன்னைத் தனியாக விடமாட்டேன், நானும் வருகிறேன் என்று நாயனக்காரர் கிளம்பினார். நம்மூர் ஆளுக்கு அந்தக் குளிரே ஜாஸ்தி. காதில் காற்று போகக்கூடாது என்று என் வீட்டுக்காரரின் அரக்குத் துண்டை எடுத்து அவர் தலையில் நானே முண்டாசு கட்டிவிட்டேன். நம்மூரில் மார்கழி மாசம் வயலுக்குப் போகிறவன் எவன் தலையில் துண்டில்லை? முண்டாசுக்குக் கீழே வெள்ளைத்தாடி. இப்படி ஒருவரை அன்றைக்கு டெல்லித் தெருவில் நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். புத்தி எங்கே புல் மேயப் போயிருந்தது என்று தெரியவில்லை.

பூத்தில் பால் வரவில்லை. திரும்பும்போது மார்க்கெட் முனையில் பத்துப் பதினைந்து பேர். கையில் இரும்புக் குழாய், ஹாக்கி மட்டை. "ஏ புட்டே!" ஏய் கிழவா என்று ஒருவன் கத்தினான். அதற்குள் எங்களைச் சுற்றிவிட்டார்கள். ஒருவன் முண்டாசைப் பிடித்து இழுத்தான். உச்சிக்கொண்டை அவிழ்ந்து முடி மொத்தமும் இடுப்புவரை விழுந்தது. அதைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகமே போய்விட்டது. மண்ணெண்ணெய் வாடை அடித்தது. யார் கையில் டின் இருந்தது என்று நான் பார்க்கவில்லை. எனக்கு வாய் நிற்கவில்லை. "மதராஸி ஹை! பாபா ஹை! சர்தார் நஹீன்!" என்று அடித்தொண்டையில் கத்துகிறேன். கத்தக் கத்த என் ஹிந்தி எனக்கே புரியாமல் போயிற்று. இவரோ என்னைப் பார்த்து, "என்ன கேக்கறாங்க பாப்பா? பாலு வேணுமாமா?" என்கிறார்.

பால் பூத்துக்காரன் ஓடிவந்தான். தினமும் பார்க்கிறவன். அவன்தான் இவர் நெற்றியையும் கடுக்கனையும் தொட்டுக் காட்டி, சர்தார்கள் போடுகிற இரும்புக் காப்பு கையில் இல்லை பாருங்கள் என்று மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். "அரே, மதராஸி பாபா" என்று ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு கும்பல் தளர்ந்தது. ஒரு பையன் துண்டை எடுத்து என் கையில் கொடுத்து, "ஆன்ட்டி, இதைத் தலையில கட்டாதீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்த மரியாதைதான் இரும்புக் குழாயைவிட என்னைப் பயமுறுத்தியது.

வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டதும் கேவிக் கேவி அழுதேன். பிறகு கோபம் வந்தது. தையல் மெஷினிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"அய்யா, உங்க கால்ல விழுறேன். இதை எடுத்துடலாம். சாமி குத்தம்னா என் தலையில விடியட்டும்."

"கத்தி படாதுன்னு சொல்லியிருக்கேன். எடுத்து உள்ள வை."

"உங்களைக் கொளுத்தியிருப்பாங்க அய்யா!"

"கொளுத்தலையே. இது என் மசுரு இல்லே பாப்பா, ஊரோடது. தை பொறக்கட்டும்."

என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் ஜன்னல் கதவின் கொக்கிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பயம் வந்தால் அந்த மனுஷர் கொக்கிதான் பார்ப்பார்.

அன்று மாலை எதிர்வீட்டுக் கதவு மெதுவாகத் திறந்தது. சர்தார்ஜி, அவர் மனைவி, அஞ்சு வயசுப் பெண் குழந்தை. மூன்று பேரும் வெறுங்காலோடு நின்றார்கள். அவர் ஏதோ அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "ஒரு ராத்திரி" என்று மட்டும் கேட்டார். உள்ளே இருக்கிற ஒரு தாடியையே காக்க முடியாமல் தவிக்கிறேன், இது இரண்டாவது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அதற்குள் கொக்கி பார்க்கிற என் வீட்டுக்காரர் கதவை அகலத் திறந்து, "ஜல்தி ஜல்தி, உள்ள வாங்க" என்றார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் என்னைக் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தார்.

மகளின் அறையில் பெட்டிகளுக்குப் பின்னால் ரஜாய்ப் போர்வையை விரித்து மூவரையும் உட்கார வைத்தோம். எதிர்வீட்டை வெளியே பூட்டிச் சாவியை நான் அரிசி டின்னில் போட்டேன். சர்தார்ஜியின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் புருஷன் முடியை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், நீங்களாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். சொன்னேன். சர்தார்ஜி மாட்டேன் என்று தலையை அசைத்தார். தலை போனாலும் முடி போகாது என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரே வீட்டில் இரண்டு பிடிவாதம்! இவருக்குப் பழனியாண்டவர், அவருக்கு அவருடைய குரு. நடுவில் மாட்டிக்கொண்டு சாவது நான்.

எங்கள் நாயனக்காரர் அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. நான்தான் நேர்த்திக்கடனை ஹிந்தியில் எடுத்துச் சொன்னேன். வண்டியில் செத்த பெண், வார்டு, தை மாசம், எல்லாம். என் ஹிந்தியில் பிரசவ வார்டு என்னவாக ஆயிற்றோ, சர்தார்ஜிக்குப் புரிந்தது. நாயனக்காரரின் தாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "இவருக்கு என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பெஹன்ஜி" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பாலம் விமான நிலையப் பக்கம் கரும்புகை தெரிந்தது. ரயில்களில் பிணம் வருகிறது என்று மாடிவீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் டாங்கில் விஷம் என்று ஒரு வதந்தி. குடிக்கவும் பயம், குடிக்காமல் இருக்கவும் முடியவில்லை. குழந்தைக்கு இருமல். ஒவ்வொரு இருமலுக்கும் நான் ரேடியோவைக் கூட்டினேன். அதில் சோக வாத்தியம்தான் வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டு எங்கள் பெரியவர், "சுருதியோடதான் அழறான்" என்று முணுமுணுத்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போடவில்லை, யாருக்கும் இறங்கவில்லை. அப்போதுதான் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு ஆள் இரண்டு ஆள் சத்தமில்லை. எதிர்வீட்டுப் பூட்டை இரும்பால் அடித்தார்கள். கதவு உடைந்தது. பாத்திரம் உருண்டது. "காலி" என்று ஒருவன் கத்தினான். அடுத்த நிமிஷம் என் கதவு அதிர்ந்தது.

திறக்காவிட்டால் உடைப்பார்கள். திறந்தேன். வாசல் முழுக்க ஆட்கள். முன்னால் நின்றவன் வெள்ளைக் குர்தா, நன்றாகத் தலைவாரியவன். நல்ல ஹிந்தியில் சொன்னான். "உங்க ஜன்னல்ல காலையில ஒரு தாடி தெரிஞ்சதாம், பெஹன்ஜி. அந்த சர்தாரை அனுப்பிடுங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது."

உள்ளே குழந்தை இருமியது. அது நிற்பதற்குள் என் வீட்டுக்காரர் இருமத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கண்ணில் நீர் வர, காசநோய்க்காரன் மாதிரி இருமினார். பொய் இருமல் என்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவு நன்றாக இருமினார்.

அப்போது பெரியவர் உள்ளேயிருந்து வந்தார். நான்கு முழ வேட்டி, வெற்று மார்பு, விபூதி. ஒருவருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேரே வந்து வாசற்படியில் குறுக்காக உட்கார்ந்துகொண்டார். இந்த நிலைக்கும் அந்த நிலைக்குமாக உட்கார்ந்தார், அவரைத் தாண்டாமல் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. பிறகு கொண்டையை அவிழ்த்து முடியை முன்னால் போட்டுக்கொண்டார். ஜன்னலில் பார்த்த தாடி இதுதான், பார்த்துக்கொள் என்பது போல.

"இது அந்த மதராஸி பாபா" என்றான் பின்னால் ஒருவன். "நேத்து விட்டுட்டோமே."

"நேத்து ஏமாந்தீங்க" என்றான் வெள்ளைக் குர்தா. "சாம்பலை யார் வேணும்னாலும் பூசிக்கலாம்." இரண்டு விரலைக் கத்தரி போல் அசைத்துக் காட்டினான். சர்தார் இல்லை என்றால் வெட்டட்டும். வெட்டமாட்டேன் என்றால் உள்ளே போய்ப் பார்க்கிறோம், இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று.

நான் இதை அவருக்குத் தமிழில் சொல்லவில்லை. அவரைப் பார்க்கவும் பயமாக இருந்தது. நேற்று அவர் சொன்ன பதில் என் காதில் இருந்தது. மாட்டேன் என்று தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்தது.

"கத்தரிக்கோல் எடுத்தா பாப்பா" என்றார்.

எடுத்துவந்தேன். முதல் கொத்தைப் பிடித்தபோது, "அய்யா, பழனி" என்றேன்.

"வெட்டு. அவசரப்படாதே. முழுசா வெட்டு."

வெட்டினேன். துணி வெட்டுகிற கத்தரி. அந்த முடி அவ்வளவு லேசில் அறுபடவில்லை. வெட்ட வெட்ட அவர் மடியிலும் படியிலும் விழுந்தது. தலை முடிந்ததும் தாடியைத் தூக்கிக் காட்டினார். கண்ணை மூடவில்லை, முன்னால் நின்றவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. முருகனிடம் என்ன சொன்னாரோ. கும்பலில் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஒரு கிழவர் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பெண்ணிடம் மொட்டை போட்டுக்கொள்வதை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? பின்வரிசையில் இரண்டு பேர் படியிறங்கிப் போனார்கள். "பஸ், பஸ், போதும்" என்றான் ஒருவன். எங்கள் பெரியவர் நிறுத்தவிடவில்லை. கன்னத்தைத் திருப்பி, "இந்தப் பக்கம் இருக்கு பாரு" என்றார். கும்பல் அலுத்துக் கலையட்டும் என்று அவர் நேரம் கடத்துகிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கீழேயிருந்து விசில் சத்தம் கேட்டது. வேறு பிளாக்கில் யாரோ அகப்பட்டார்கள் போல. வெள்ளைக் குர்தா எனக்குக் கைகூப்பிவிட்டு இறங்கினான். எல்லோரும் போனார்கள். அந்த பிளாக்கிலிருந்து வந்த சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், அதற்கும் மேல் அரிசி டின்னை நகர்த்தி வைத்தோம். திரும்பி வந்தால் என்ன செய்வது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் இன்னும் இருமிக்கொண்டிருந்தார். பாவம், நிறுத்தத் தெரியவில்லை.

பெரியவர் எழுந்து கூடத்தில் வந்து உட்கார்ந்தார். தாடி போன முகம் சின்னதாகிவிட்டது. தாடை எலும்பு தெரிந்தது. அங்கங்கே திட்டுத் திட்டாக முடி நின்றது. தலையைத் தடவிப் பார்த்தார். கை மேலே போய்க் கொண்டை இல்லாத இடத்தில் ஒரு நொடி நின்றது. ஊருக்கு என்ன சொல்வார், தையில் எந்தத் தலையோடு பழனி ஏறுவார் என்று எனக்கு அழுகை முட்டியது. "மன்னிச்சுக்குங்க அய்யா" என்றேன். "அந்தப் புள்ளைக்கு இருமல் நின்னுச்சா, பாரு" என்றார்.

வாசற்படிக்கு உட்புறமும் முடி சிதறிக் கிடந்தது. காலில் மிதிபடக்கூடாது. அதைவிட, எவனாவது மறுபடி வந்தால் தடயம் இருக்கக்கூடாது. பயத்தில் எனக்கு அதுதான் தோன்றியது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து குனிந்தேன்.

"துடைப்பம் வேண்டாம், பெஹன்ஜி."

சர்தார்ஜி அறையிலிருந்து வெளியே வந்திருந்தார். வரக்கூடாது, ஜன்னலில் தெரிவீர்கள் என்று நான் கையை ஆட்டினேன். அவர் ஜன்னலுக்குக் கீழே தரையோடு தரையாக உட்கார்ந்து நகர்ந்து வந்தார். கதவுப் பலகை வழியாக அவர் எல்லாம் கேட்டிருக்க வேண்டும், கத்தரிச் சத்தம்கூட. தன் தலைப்பாகைத் துணியின் ஒரு முனையை அவிழ்த்துத் தரையில் விரித்தார். பிறகு இரண்டு கையாலும் அந்த முடியைக் கொத்துக் கொத்தாக எடுத்து அதில் வைக்க ஆரம்பித்தார். நீளமானதையெல்லாம் ஒரே திசையில் நீவி வைத்தார். சின்னச் சின்ன இழைகளைக்கூட விடவில்லை. ஈரவிரலால் தொட்டுத் தொட்டு எடுத்தார். அவர் தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. அவர் மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவர்களோடு உட்கார்ந்து பொறுக்கினேன்.